தூக்கு கீல் தகராறு செய்தால்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சின்னப் பாய்ப்படகு வைத்திருக்கிறவர்களுக்குக் கீல் என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம். படகுக்கு அடியில், எட்டிப் பார்க்க முடியாத இடத்தில், படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிற இருநூறு இருநூற்றைம்பது கிலோ இரும்புத் தகடு தொங்குகிறது; அதை ஏற்றி இறக்க முடிந்தால் அது தூக்கு கீல். அது கொஞ்சம் சத்தம் போட்டதும் "கீலையே மாற்றிவிடலாமா" என்றுதான் முதலில் தோன்றும். பொறுங்கள். நான் இதுவரை திறந்து பார்த்த பழுதுகளில் இரும்புத் தகடே குற்றவாளியாக இருந்தது ஒன்றிரண்டு தடவைதான். மற்றதெல்லாம் அதைத் தாங்குகிற பின் (கீல் திரும்புகிற அச்சுக் கம்பி), புஷ் (பின் போகும் துளைக்குள் போடும் உறை), வயர், வின்ச் (வயரைச் சுற்றிக் கீலைத் தூக்கும் கைச்சுழற்றி) செய்த வேலை.

தமிழில் கீல் என்றால் மூட்டு. கதவுக் கீல் என்கிறோமே, அது. படகின் கீல் வேறு பாஷையிலிருந்து வந்த சொல். பழைய கப்பல் சொற்களில் அதற்கு ஏரா என்று பெயர். ஆனால் தூக்கு கீல் விஷயத்தில் இரண்டும் தற்செயலாக ஒன்றாகிவிடுகின்றன: நம் கீல் தேய்ந்தால்தான் அந்தக் கீல் ஆடும். குழப்பம் வேண்டாம் என்று கீழே தகட்டைக் கீல் என்றும், அது திரும்புகிற இடத்தை மூட்டு என்றும் சொல்கிறேன்.

தூக்கு கீலில் இரண்டு வகை. ஒன்று, முன்முனையில் ஒரு பின்னில் மாட்டி, பின்முனை ஊசல் மாதிரி இறங்கி ஏறுவது. 1969 முதல் வந்த கேட்டலினா 22 இதற்கு நல்ல உதாரணம்; அதன் வார்ப்பிரும்புக் கீல் சுமார் 250 கிலோ. இன்னொன்று, ஒரு பெட்டிக்குள் நேராக மேலும் கீழும் போவது. அதற்கு மூட்டு கிடையாது. ஆனால் வயர், துரு, பெட்டிக்குள் சிக்கிக்கொள்வது எல்லாம் அதற்கும் பொருந்தும். இங்கே பெரும்பாலும் முதல் வகையைப் பற்றித்தான்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. 1.2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 5 செ.மீ. தடிமன் உள்ள வார்ப்பிரும்பு 30 லிட்டர் கொள்ளளவு. லிட்டருக்கு 7.2 கிலோ என்றால் 216 கிலோ. அந்த 216 கிலோவையும் பிடித்துக்கொண்டிருப்பது உங்கள் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு வயர். கீலுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள். வயர் போன மாதம்தான் போட்டது என்றாலும் சரி.

அலையில் "டொக், டொக்" என்று அடிக்கிறது

அதிகம் பேர் கேட்பது இதுதான். அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதுதான்.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். நங்கூரம் போட்டு நிற்கும்போது ஒரு உள்ளங்கையைக் கீல் பெட்டியின் (ஏற்றிய கீல் உள்ளே போய் நிற்கும் கூடு) பக்கச் சுவரிலும் இன்னொன்றை வின்ச் வயரிலும் வையுங்கள். பெட்டிச் சுவர் முழுக்க அதிர்ந்து மந்தமாக, மரப்பெட்டியைக் குத்தின மாதிரி கேட்டால், கீலின் பக்கம் பெட்டியில் மோதுகிறது. முன்பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து கூர்மையாக, இரும்பும் இரும்பும் தட்டுகிற சத்தம் வந்தால், பின்னும் துளையும் தேய்ந்திருக்கின்றன. கீலைப் பூட்டும் போல்ட் உங்கள் படகில் இருந்தால் இறுக்கிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கீல் பெட்டியில் மோதுகிறது, நிற்காவிட்டால் பின்னும் துளையும் தேய்ந்திருக்கின்றன.

அடுத்தது தரையில். படகை டிரெய்லரிலோ முட்டுகளிலோ உயர்த்தி, கீழே கட்டைகளை அடுக்கிவிட்டு, கீல் நுனி கட்டைக்கு இரண்டு விரல் மேலே நிற்கும் அளவுக்கு இறக்குங்கள். பக்கத்தில் நின்று, ஒரு கம்பால் நுனியைத் தள்ளுங்கள். இரண்டு மூன்று செ.மீ. அசைந்தால் பலருக்கும் முகம் வெளிறிவிடும். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. கீல் ஒன்றரை மீட்டர் நீளம், மூட்டுப் பகுதியின் அகலம் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மூட்டில் இருக்கும் 1 மி.மீ. இடைவெளி நுனியில் 3 செ.மீ. ஆட்டமாகப் பெருகும். அந்த 1 மி.மீ. இருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் கீல் திரும்பாது. நுனி ஒரு சாண் ஆடுகிறது என்றால் மட்டும் மூட்டைக் கழற்றுங்கள்.

கழற்றியதும் பின்னைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் வருடுங்கள். தாங்கிக்குள் (பின்னைப் படகோடு பிடித்துவைக்கும் பாகம்) இருந்த பகுதிக்கும் கீல் துளைக்குள் இருந்த பகுதிக்கும் நடுவில் நகம் ஒரு படியில் தட்டி நின்றால், அது தேய்மானம். வெர்னியரால் இரண்டு இடத்திலும் அளந்து, சுற்றிலும் திருப்பித் திருப்பி அளந்து பாருங்கள். அநேகமாக ஒரு பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கும், ஏனென்றால் பாரம் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது. அரை மில்லிமீட்டருக்கு மேல் போயிருந்தால் நான் யோசிக்காமல் புதுப் பின் போட்டுவிடுவேன். பின் மலிவானது, அது தேய்ந்து முட்டை வடிவமாக்கும் துளை மலிவானதல்ல.

துளை ஏற்கெனவே முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பின் மட்டும் போட்டுப் பயனில்லை. துளையைப் பெரிதாகக் கடைந்து, உள்ளே புஷ் இறக்க வேண்டும். கை டிரில்லில் இதைச் செய்யாதீர்கள். துளை ஒரு டிகிரி சாய்ந்தாலும், முன்னே சொன்ன அதே பெருக்கல் கணக்குப்படி நுனி பெட்டியில் உரசும். கீலைப் பட்டறைக்குக் கொண்டுபோய், தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாகக் கடையச் சொல்லுங்கள். புஷ்ஷுக்கு வெண்கலம் நல்லது, அசிட்டால் பிளாஸ்டிக்கும் நல்லது. நைலான் மட்டும் வேண்டாம். நான் ஒருமுறை கையில் கிடைத்தது என்று நைலான் புஷ் போட்டேன். தரையில் வெண்ணெய் மாதிரி திரும்பியது. தண்ணீரில் இறக்கி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கீல் பாதியில் நின்றுவிட்டது. நைலான் தண்ணீரைக் குடித்து வீங்கிப் பின்னை இறுகப் பிடித்துக்கொண்டது. முழு வேலையையும் மறுபடி முதலிலிருந்து செய்தேன். புஷ்ஷும் பின்னும் சேரும் இடத்தில் கால் மில்லிமீட்டர் தளர்வு விட்டால் போதும்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு, மூட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வாஷர் வைத்து இடைவெளியைக் குறையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக. ஒரே பக்கம் அடைத்தால் கீல் பெட்டியின் நடுவிலிருந்து விலகிவிடும்.

கீல் இறங்க மறுக்கிறது

வின்ச்சைத் தளர்த்துகிறீர்கள், வயர் தொய்கிறது, கீல் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, இன்னும் தளர்த்துவது. கீல் மேலே சிக்கியிருக்க, வயரில் ஒரு முழம் தொய்வு சேர்ந்துவிட்டால், சிக்கல் விடும் கணத்தில் அத்தனை எடையும் அந்த ஒரு முழம் விழுந்து வயரை வெட்டி இழுக்கும். வயர் அறும், அல்லது கப்பி பிய்யும், அல்லது கீல் போய்ப் பெட்டியின் முன்விளிம்பில் மோதிப் பிளக்கும். ஆகவே முதல் வேலை, தொய்வை மறுபடி சுற்றி எடுத்துவிடுவது. இரண்டு விரல் அளவு தொய்வு மட்டும் இருக்கட்டும். அதற்குப் பிறகு காரணத்தைத் தேடலாம்.

கரையில் ஏற்றி வைத்த படகென்றால் கூழாங்கல்லோ சிப்பி ஓடோ கீலுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஏறியிருக்கும். படகை மறுபடி சில விரல் மேலே தூக்கிக் கீலை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் கல் தானாக விழும். இறக்கப் பார்த்தால் இன்னும் இறுகும். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்த படகென்றால் கொட்டலசும் சிப்பியும் வளர்ந்து அடைத்திருக்கும். படகை வெளியே எடுத்து, அடியிலிருந்து பிரஷர் வாஷர் அடித்து, மெல்லிய மரச்சட்டத்தால் சுரண்டுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், ஃபைபர் சுவர் கீறிவிடும்.

மூன்றாவது காரணம் துரு. துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். செதில் செதிலாக உப்பிப் பெட்டியின் சுவரை இரண்டு பக்கமும் நெருக்கும். இதற்குத் தற்காலிக வைத்தியம் கிடையாது. தட்டி இறக்கினாலும் அடுத்த சீசனில் இதே இடத்தில் நிற்பீர்கள். கீழே வரும் துருக் கொப்புளப் பகுதியைப் படியுங்கள்.

மரத்தில் செய்த கீல் பலகை என்றால் தண்ணீர் ஊறி உப்பியிருக்கும். வெளியே எடுத்து, வாரக்கணக்கில் நிழலில் காயவைத்து, விளிம்புகளை இழைத்து எபாக்சியால் மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே அழுகும்.

கீல் ஏறவில்லை, அல்லது வின்ச் சும்மா சுழல்கிறது

கைப்பிடி லேசாகச் சுழன்று எதிர்ப்பே இல்லை என்றால் வயர் அறுந்துவிட்டது. கைப்பிடி இறுகி நகரவே மாட்டேன் என்றால் வயர் கப்பியிலிருந்து நழுவிப் பக்கத்தில் சிக்கியிருக்கிறது, அல்லது கீல் வளைந்திருக்கிறது. கிளிக் சத்தம் கேட்டும் பிடிக்காமல் பின்னால் நழுவினால் வின்ச்சின் நாக்கும் (பல் சக்கரம் பின்னால் சுழலாமல் தடுக்கும் துண்டு) அதன் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கின்றன.

வின்ச்சில் இரண்டு ரகம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிரேக் உள்ள வின்ச்சில் கைப்பிடியை விட்டாலும் பாரம் நிற்கும். டிரெய்லர்களில் வருகிற சாதாரண வின்ச்சில் நாக்கு மட்டும்தான். நாக்கை விடுவித்த பிறகு கைப்பிடியைக் கைவிட்டால் அது விசிறி மாதிரி சுழன்று மணிக்கட்டை உடைக்கும். கீலுக்கு எப்போதும் பிரேக் ரகமே போடுங்கள். அதன் உராய்வுத் தட்டில் கிரீஸ் படக் கூடாது. பல் சக்கரத்துக்கு மட்டும் தடவுங்கள். "வின்ச்சுக்கு எண்ணெய் போட்டேன், அதற்கப்புறம்தான் நழுவுகிறது" என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான்.

வயரை வெறும் கையால் உருவிப் பார்க்காதீர்கள். ஒரு பழந்துணியைச் சுற்றி இழுங்கள். துணி சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கிறது. ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் வயரை மாற்றிவிடுங்கள். வெளியே பளபளவென்று இருந்தாலும் கீல் முனையில் அழுத்திப் பிணைத்த உலோகக் குழாயின் வாயில் பழுப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேதான் தண்ணீர் தேங்கும், அங்கேதான் அறும். புதிதாகப் போடுவது 316 துருப்பிடிக்கா எஃகில், 7×19 பின்னலாக (19 இழை கொண்ட 7 புரி) இருக்கட்டும். 1×19 வகை (19 தடித்த இழை கொண்ட ஒரே புரி) பாய்மரத்தை இழுத்துக் கட்ட நல்லது. கப்பியில் வளைந்தால் சீக்கிரம் முறியும். கீல் முழுக்க இறங்கின பிறகும் வின்ச் உருளையில் நாலு சுற்றாவது மிச்சம் இருக்கும்படி நீளம் வெட்டுங்கள்.

வயருக்குப் பதில் டைனீமா என்கிற உறுதியான செயற்கை இழைக் கயிறு போடலாமா என்றால், போடலாம். துருப்பிடிக்காது, கையைக் கிழிக்காது. ஆனால் முடிச்சுப் போட்டால் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும்; முனையைப் பின்னி மடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பழைய வயர் கீறிவைத்த கப்பியில் ஓட்டினால் ஒரே சீசனில் அறுத்துவிடும். கப்பியையும் சேர்த்து மாற்றத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

வேகமெடுத்தால் ரீங்காரம் கேட்கிறது

இது பழுதல்ல. இறுக்கமாக நிற்கும் வயரைத் தண்ணீர் கடந்து போகும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல் உண்டாகி வயரை வீணைத் தந்தி மாதிரி மீட்டுகிறது. வயரைக் கால் சுற்றுத் தளர்த்தினாலோ இறுக்கினாலோ சுருதி மாறும் அல்லது நிற்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். வேகமானி மாதிரி பயன்படும். நேற்று வரை பாடாத படகு இன்று திடீரென்று பாடினால் மட்டும் வயரில் பாசி ஏதும் ஒட்டியிருக்கிறதா, இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே தண்ணீர் வருகிறது

எப்போது வருகிறது என்பதைக் குறித்து வைத்தால் பாதித் துப்பு கிடைத்துவிடும்.

நின்ற நிலையிலும் ஓயாமல் கசிந்தால் பின்னின் மூடி அல்லது தாங்கி போல்ட். மோட்டாரில் வேகமாகப் போகும்போது மட்டும் வந்தால் வயர் வெளியே வருகிற குழாய். பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் குழாய் வழியாக மேலே பீறிடும். அந்த ரப்பர் ஹோஸையும் இரு முனைக் கிளிப்புகளையும் மாற்றினாலே பலமுறை தீர்ந்துவிடும். ஹோஸ் வெடித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு திறந்த ஓட்டை அது. படகு சாய்ந்து ஓடும்போது மட்டும் கசிந்தால் பெட்டி படகின் அடித்தளத்தோடு சேரும் இணைப்பில் கீறல். இதுதான் கவலைப்பட வேண்டியது. கீலின் நெம்புவிசை முழுக்க அங்கேதான் போய்ச் சேர்கிறது. மேலே சீலன்ட் பூசினால் போதாது. பழைய ஃபைபரைச் சாய்வாகத் தேய்த்து எடுத்து, புதிதாகக் கண்ணாடி நார்த்துணியும் எபாக்சியும் அடுக்கடுக்காகப் போட வேண்டும்.

இடம் பிடிபடவில்லை என்றால் எல்லாவற்றையும் துணியால் ஒற்றி உலர்த்தி, முகப்பவுடர் தூவுங்கள். கசிவு அதில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வரும். கோட்டின் தலையைப் பிடியுங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதும் கேவலமில்லை. கடலில் நிற்கும் படகில் உப்பில்லாத தண்ணீர் இருந்தால் அது மழை. கீலைக் குறை சொல்லாதீர்கள்.

பின்னின் மூடிக்குப் பாலியூரிதேன் சீலன்ட் வைக்காதீர்கள். நன்றாகப் பிடிக்கும், ஆனால் அடுத்தமுறை திறக்கும்போது மூடியோடு ஃபைபரையும் பெயர்த்துக்கொண்டு வரும். திறந்து மூட வேண்டிய இடத்துக்குப் பாலிசல்ஃபைடுதான் சரி.

கீல் முழுக்கத் துருக் கொப்புளம்

கம்பித் தூரிகையால் தேய்த்து மேலே பெயின்ட் அடிப்பது ஆறு மாத வேலை. வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் உப்பு தங்கியிருக்கும். அது இருக்கும்வரை பெயின்டுக்கு அடியில் துரு மறுபடி கிளம்பும். மணல் பீச்சி வெளிர்சாம்பல் நிறம் வரும்வரை சுத்தம் செய்யுங்கள். நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காயவைத்து மறுபடி லேசாக ஒருமுறை பீச்சுங்கள். அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், முதல் பூச்சு எபாக்சி பிரைமர் விழுந்துவிட வேண்டும். இரவு விட்டால் காலையில் ஆரஞ்சு நிறத்தில் வரவேற்கும். பனி இறங்கும் நேரத்தில் பூசாதீர்கள். இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் பொது விதி.

பிரைமருக்கு மேல் ஐந்தாறு பூச்சு எபாக்சி. நடுவில் பள்ளங்களுக்கு எபாக்சிப் பட்டி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அழகாக வழவழப்பாக்கும் உற்சாகத்தில் இரண்டு பக்கமும் 2 மி.மீ. ஏற்றினால் கீல் 4 மி.மீ. தடித்துவிடும், பிறகு பெட்டிக்குள் போகாது. வேலை தொடங்கும் முன்பே பெட்டியின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள்.

தாமிரம் கலந்த பாசித் தடுப்பு பெயின்ட், வெற்று இரும்பில் நேரடியாகப் படக் கூடாது. தாமிரமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் இரும்புதான் கரையும். வெண்கலப் பின் இருக்கும் இடத்திலும் இதே கதை நடக்கும் என்பதால் கீலில் ஒரு பலி உலோகக் கட்டி (இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவது) மாட்டுங்கள்: கடலில் துத்தநாகம், நன்னீரில் மக்னீசியம், இரண்டும் கலக்கும் இடத்தில் அலுமினியம். அது இரும்பை நேரடியாகத் தொட வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டு "வேலையே செய்யவில்லை" என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

படகு பக்கவாட்டில் நழுவுகிறது

காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறும்போது அணியம் (படகின் முன்முனை) ஒரு திசையைக் காட்டப் படகு வேறு திசையில் போனால், கீல் முழுக்க இறங்கவில்லை. வின்ச் சுற்றை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு பக்கம் ஓடும்போது மட்டும் மோசமென்றால், எப்போதோ தரை தட்டியதில் தகடு வளைந்திருக்கலாம். கீலின் நீளத்துக்கு நூல் பிடித்துப் பாருங்கள். எஃகுத் தகட்டை நிமிர்த்தலாம். வார்ப்பிரும்பு வளைவதைவிட முறியும் ஜாதி. அதை நிமிர்த்தப் போனால் விரியும்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

விரிசல், முறிவு, பின் துளையைச் சுற்றி இரும்பு அரித்து மெலிந்துபோதல்: இந்த மூன்றுக்கும்தான் புதுக் கீல். கண்ணாடி நாரில் மூடிய எஃகு உள்ளிருந்தே துருப்பிடித்து மூடியைப் பிளந்திருந்தால், பிளந்த மூடியை முழுக்க உரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கழற்றும்போது, கீலை இறக்காதீர்கள், படகைத் தூக்குங்கள். கீலுக்கு அடியில் கட்டை அடுக்கி, இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து, வயரை மெல்லத் தளர்த்தி எடை முழுக்கக் கட்டையில் உட்கார்ந்த பிறகு வயரையும் தாங்கி போல்ட்டையும் கழற்றுங்கள். பிறகு படகின் இரு பக்கமும் ஜாக்கி வைத்து, ஒரு நேரத்துக்கு இரண்டு விரல் உயரம் ஏற்றி, முட்டுக்கட்டைகளை மாற்றி, மறுபடி ஏற்றுங்கள். கீல் தன் குறுகிய விளிம்பில் நிற்கிறது என்பதை மறக்காதீர்கள்; அது எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். இரண்டு பேர் போதும், ஐந்து பேர் வந்தால் ஐந்து பேரும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

மாட்டும்போது பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். துளைகள் நேராக நின்றால் பின் கையாலேயே போகும். போகவில்லை என்றால் படகின் உயரத்தை மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்யுங்கள். முதல் ஓட்டத்துக்கு முன், கட்டைக்கு மேலேயே கீலை மூன்று முறை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏற இத்தனை சுற்று, இறங்க இத்தனை சுற்று என்று எண்ணி, முழுக்க இறங்கின நிலையில் வயரில் நிற நூல் ஒன்று கட்டி, அந்த எண்ணை வின்ச் பக்கத்தில் அழியாத மையில் எழுதிவிடுங்கள்.